விபோர்க் நகர நூலகம்: வாசகரின் கண்ணிலிருந்து கட்டிய கூரை

விபோர்க் நகர நூலகத்துக்குள் போனதும் செய்து பார்க்க வேண்டிய சின்னச் சோதனை ஒன்று இருக்கிறது. வாசிப்பறையில் எந்த இடமானாலும் சரி, உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து, பக்கத்துக்கு நாலு விரற்கடை மேலே ஒரு பென்சிலைப் பிடியுங்கள். அழுத்தமான ஒற்றை நிழல் விழாது. நாலைந்து திசைகளில் மங்கலான நிழல்கள் கிளம்பி ஒன்றையொன்று கரைத்துவிடும். வழவழப்பான தாளைச் சாய்த்துப் பாருங்கள், கண்ணைக் கூச வைக்கும் பளிச்சென்ற ஒளியும் தெரியாது. 1935இல் திறந்த கட்டடம் இது. போரையும் பத்தாண்டு பாழடைந்து கிடந்ததையும் தாண்டி, இன்றும் இந்த ஒரு வேலையைப் பிசகாமல் செய்கிறது. நூலகம் என்று சொல்லிக்கொள்ளும் எத்தனையோ புதுக் கட்டடங்களில் ஜன்னலோர மேசையில் கண்கூசி, நடு மேசையில் விளக்கைத் தேட வேண்டியிருக்கும்போது, இது சின்ன விஷயமில்லை.

விபோர்க் இன்றைக்கு ரஷ்யாவின் லெனின்கிராட் மாகாணத்தில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவில் இருக்கிறது. நூலகம் கட்டியபோது ஊர் பின்லாந்தின் கையில், வீபுரி என்ற பெயரில் இருந்தது. வடிவமைத்தவர் பின்லாந்துக் கட்டடக்கலைஞர் ஆல்வர் ஆல்டோ. நவீனத்துவக் கட்டடக்கலையின் வரலாறு படிக்கும் எவரும் இந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் இது கயிறு கட்டி வைத்த அருங்காட்சியகம் அல்ல. ஊர்க்காரர்கள் வந்து புத்தகம் எடுத்துப் போகும் நகர நூலகம். அதனால் அப்படியே, ஒரு நூலகமாகத்தான் இதை எடைபோட வேண்டும்.

முதலில் வடிவம் வந்த கதை. வணிகக் குடும்பத்தினரான லல்லுக்கா தம்பதி உயிலில் விட்டுச்சென்ற கொடையை வைத்து நகரம் 1927இல் ஒரு போட்டி நடத்தியது. 29 வயது ஆல்டோ வென்றார். அன்று அவர் வரைந்தது இந்தக் கட்டடம் அல்ல. ஸ்டாக்ஹோமில் குன்னார் அஸ்ப்லுண்ட் கட்டி 1928இல் திறந்த நகர நூலகத்தின் சாயல் படிந்த, செவ்வியல் பாணி மாளிகை அது. கம்பீரமான படிவரிசை, அளந்து வைத்த சமச்சீர் முகப்பு. பிறகு எந்த இடத்தில் கட்டுவது என்ற இழுபறி வந்தது, கூடவே பொருளாதார மந்தமும் சேர்ந்தது. வேலை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. இடம் நகர மையத்துப் பூங்காவுக்கு மாறியது, 1933இல் வரைபடம் புதிதாக எழுந்தது, 1934இல் பணி தொடங்கியது, 1935 அக்டோபர் 13 அன்று கதவு திறந்தது.

அந்தத் தாமதம் இல்லையென்றால் நமக்கு நல்லதொரு சாதாரண நூலகம்தான் கிடைத்திருக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் ஆல்டோ பின்லாந்தின் பைமியோவில் காசநோய் மருத்துவமனை ஒன்றைக் கட்டினார். அங்கே அவர் கட்டடத்தைப் படுத்திருக்கும் நோயாளியின் இடத்திலிருந்து பார்க்கப் பழகினார். மல்லாந்து கிடப்பவரின் கண்ணில் விளக்கு நேராக அடிக்கக் கூடாது, கூரையின் நிறம் உறுத்தக் கூடாது, வெப்பம் தலைக்கு அல்ல, காலுக்கு வர வேண்டும். அதே பழக்கத்தோடு நூலகத்துக்குத் திரும்பியபோது நோயாளி இருந்த இடத்தில் வாசகர் உட்கார்ந்தார். நூலகத்தின் முதல் பிரச்சினை மனிதக் கண்தான் என்று ஆல்டோ பின்னாளில் சொன்னது இங்கே பிறந்த எண்ணம்.

இனி கூரைக்கு வருவோம். இந்தக் கட்டடத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

வாசிப்பறைக்கும் நூல் இரவல் கூடத்துக்கும் சுவரில் ஜன்னலே கிடையாது. ஒளி முழுவதும் மேலேயிருந்து, 57 வட்ட ஸ்கைலைட்டுகள், அதாவது கூரைச் சாளரங்கள் வழியாக வருகிறது. ஒவ்வொன்றின் குறுக்களவும் 1.8 மீட்டர். தட்டையான கண்ணாடி மூடி என்று நினைத்துவிடக் கூடாது. கூரைத் தளத்தின் ஊடே இறங்கும் ஆழமான கான்கிரீட் கூம்புகள் இவை. ஆழம் எதற்கு என்றால், 52 டிகிரியும் அதற்குக் கீழுமான கோணத்தில் வரும் சூரியக்கதிர் எதுவும் நேராக அறைக்குள் விழக் கூடாது என்பதற்கு. அது கூம்பின் உட்சுவரில் மோதி, சிதறி, அதன் பிறகே கீழே இறங்க வேண்டும்.

52 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஊரின் அட்சரேகை ஏறத்தாழ 60.7 டிகிரி வடக்கு. ஜூன் 21 நண்பகலில் சூரியன் எட்டும் உச்ச உயரம், 90 கழித்தல் 60.7 கூட்டல் 23.4, அதாவது 52.7 டிகிரி. ஆண்டின் மிக உயர்ந்த சூரியனே அவ்வளவுதான். ஆகவே கோடை உச்சியின் சில வார நண்பகலைத் தவிர, ஆண்டு முழுவதும் மேசைமேல் வெயில் பொட்டு விழ வழியில்லை. இதே கூம்புகளை வேறு அட்சரேகையில் அப்படியே நகலெடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நேர்க்குழாயாக இருந்தால் 52 டிகிரிக் கதிரைத் தடுக்க அகலத்தைப் போல் 1.28 மடங்கு ஆழம் வேண்டும். சூரியன் 70 டிகிரிக்கு ஏறும் ஊரில் அதுவே 2.75 மடங்காகிவிடும். உச்சி வெயில் தலைக்கு நேரே வரும் ஊரில் எவ்வளவு ஆழம் வைத்தாலும் போதாது. அங்கே வேறு வழிதான் தேட வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. மேகம் மூடிய வானம் எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சமாகத் தோன்றினாலும், அதன் உச்சி அடிவானத்தைப் போல் சுமார் மூன்று மடங்கு ஒளிர்வு கொண்டது. ஒளியியல் கணக்குகளில் பயன்படும் தரநிலை அதுதான். மேகமூட்டமான நாளில் சுவர் ஜன்னல் வானத்தின் மங்கிய பகுதியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கூரைக் கூம்பு பளிச்சென்ற பகுதியைப் பார்க்கிறது. வடக்கத்திய ஊருக்கு இது கனகச்சிதமாகப் பொருந்துகிறது. நூலகத்தின் ஒளியை அதன் முழுத் தரத்தில் பார்க்க வேண்டுமானால் வெயில் நாளைவிட மேகமூட்டமான நாளில் போவதே நல்லது.

கூம்பின் உட்பக்கம் வெள்ளையாக இருப்பதும் அழகுக்காக மட்டும் அல்ல. நல்ல வெள்ளைப் பூச்சு தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்தைத் திருப்பும் என்று வைத்துக்கொண்டால், மூன்று முறை மோதிய பிறகு மிஞ்சுவது பாதி. அதே பூச்சில் தூசும் ஓதக் கறையும் படிந்து 60 சதவீதமாக இறங்கினால், மூன்று மோதலில் மிஞ்சுவது ஐந்தில் ஒரு பங்குதான். அதாவது கண்ணாடி சுத்தமாக இருந்தும் அறை இருண்டுவிடும். கூம்புகளுக்குச் சுண்ணாம்படிப்பதை ஒத்திப்போடும் நிர்வாகம் வாசகரின் கண்ணைத்தான் கெடுக்கிறது.

இருட்டிய பிறகு பொறுப்பு மின்விளக்குகளுக்கு வருகிறது. அங்கேயும் அதே கொள்கைதான்: விளக்கு வாசகரின் கண்ணைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிறது, சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி பக்கத்துக்கு வருகிறது. இந்த ஊரில் டிசம்பர் 21 வாக்கில் சூரியன் நண்பகலிலேயே 6 டிகிரியைத் தாண்டாது. குளிர்கால வாசகருக்கு இந்த விளக்கு ஏற்பாடுதான் பெரும்பாலும் கிடைக்கும்.

ஜன்னல் இல்லாததால் கிடைத்த அடுத்த பலன் சுவர். நாற்புறமும் தொடர்ச்சியான புத்தக அலமாரி வைக்க முடிகிறது. சுவரின் கனம் சுமார் 75 செ.மீ. காற்றோட்டக் குழாய்கள் அதற்குள்ளேயே ஓடுகின்றன. தெரு இரைச்சலும் அங்கேயே நின்றுவிடுகிறது. சூடாக்கும் வெந்நீர்க் குழாய்கள் கூரைத் தளத்துக்குள் பதிந்திருக்கின்றன. ரேடியேட்டர் எங்கும் துருத்தாது, அலமாரி வரிசை உடையாது, மேலிருந்து வரும் வெப்பம் மேசையையும் தோளையும் இதமாக்கும். ஆனால் இது பராமரிப்பவருக்குக் கொடுமையான ஏற்பாடு. ரேடியேட்டர் ஒழுகினால் வாளி வைத்துக்கொண்டு வால்வைத் திருகலாம். கூரைக்குள் புதைந்த குழாய் கசிந்தால், கறை தெரியும் இடம் ஒன்று, ஓட்டை இருக்கும் இடம் இன்னொன்று. பூச்சை உடைத்துத்தான் தேட வேண்டும். அதற்குள் தண்ணீர் கீழே இருக்கும் புத்தகத்தைத் தொட்டிருக்கும்.

கூடத்தின் தரை ஒரே மட்டத்தில் இல்லை. படிப்படியாகத் தாழ்ந்து நடுவில் ஒரு புத்தகப் பள்ளம் போல இறங்குகிறது. உயரமான மட்டத்தில் நூலகரின் கவுண்டர். அங்கே நிற்கும் ஒரே ஆள் இரவல் பகுதி, வாசிப்புப் பகுதி இரண்டையும் தலையைத் திருப்பினாலே பார்த்துவிடலாம். ஆள் பற்றாக்குறையுள்ள எந்த நூலகத்துக்கும் இதன் மதிப்பு தெரியும். வடிவமைக்கும் காலத்தில் ஆல்டோ பல சூரியன்கள் ஒளிரும் மலைச்சரிவுகளைப் படம் படமாக வரைந்துகொண்டிருந்தார். கட்டடத்தோடு சம்பந்தமே இல்லாதவை போலிருந்த அந்தப் படங்களிலிருந்துதான் பல கூம்புகளும் பல மட்டங்களும் வந்தன. பள்ளத்தில் புத்தகம், மேட்டில் கவுண்டர் என்ற இந்த யோசனையை அவர் பிறகு விடவே இல்லை. பின்லாந்தின் செய்னயோக்கி, ரொவானியெமி நூலகங்களிலும், 1970இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் திறந்த மவுண்ட் ஏஞ்சல் மடாலய நூலகத்திலும் அதன் வளர்ச்சியைப் பார்க்கலாம்.

அதே பள்ளம்தான் பெரிய குறையும். சக்கர நாற்காலியில் வருபவருக்கும், முட்டிவலிக்காரருக்கும், புத்தக வண்டி தள்ளும் ஊழியருக்கும் ஒவ்வொரு மட்டமும் ஒரு தடை. 1930களில் இதை யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். இன்று கேட்டாக வேண்டும். மூல வடிவத்தைக் கெடுக்காமல் சரிவுப்பாதை போட அந்தக் கூடத்தில் இடமும் இல்லை.

விரிவுரைக் கூடம் தனிக் கதை. நூலகத்தின் பெருந்தொகுதி ஜன்னலற்ற பெட்டி என்றால், அதை ஒட்டிய தாழ்ந்த தொகுதியில் இருக்கும் இந்த நீண்ட கூடம் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடியாகப் பூங்காவைப் பார்த்து நிற்கிறது. அதன் கூரை பைன் மர ரீப்பர்களால் ஆன அலை. மேடைக்குப் பின்னால் தொடங்கி அலை அலையாகக் கூடத்தின் மறுகோடிவரை ஓடுகிறது. கச்சேரி மண்டபங்களில் ஒலி ஒரே திசையில், மேடையிலிருந்து அவைக்குப் போனால் போதும். ஆல்டோ இங்கே நினைத்தது விவாதக் கூட்டம். பின்வரிசையில் எழுந்து கேள்வி கேட்பவரின் குரலும் முன்வரிசைக்குத் தெளிவாகப் போக வேண்டும். தட்டைக் கூரை ஒலியை ஒரே திசையில் திருப்பியோ எதிரொலித்தோ கெடுக்கும். கீழ்நோக்கிப் புடைத்த வளைவு அதைப் பரத்தி அனுப்பும். புடைப்பும் குழிவும் மாறி மாறி வருவதால் எந்த இடத்தில் நின்று பேசினாலும் ஒலி கூடத்தின் பெரும்பகுதியைத் தொடுகிறது. நீளப் பக்கத்துக் கண்ணாடிச் சுவர் மட்டும் ஒலிக்கு உதவாது. கண்ணாடி ஒலியை உறிஞ்சாமல் அப்படியே திருப்பியடிக்கும். கூட்டம் நிறைந்த நாளில் உடைகளும் உடல்களும் அதைச் சரிக்கட்டும், பாதி காலியான நாளில் வித்தியாசம் தெரியும்.

இருக்கைகளில் கவனிக்க வேண்டியது மூன்று கால் ஸ்டூல். ஸ்டூல் 60 என்ற பெயரில் இன்றும் விற்பனையில் இருக்கும் அதே பொருள்தான். உயரம் 44 செ.மீ. பிர்ச் மரக் காலின் மேல்முனையில் இழைவாட்டில் மெல்லிய பிளவுகள் அறுத்து, அவற்றுக்குள் வெனீர்த் தகடுகளைப் பசையோடு செருகி, வளைத்து உலரவிடுகிறார்கள். வளைந்த கால் நேராக இருக்கையின் அடியில் திருகாணியால் இறுகுகிறது. இடைச்சட்டமே வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருளாக அடுக்கலாம். கூட்டத்துக்குக் கச்சிதம். மூன்று மணி நேரம் உட்கார்ந்து படிக்க முதுகு சாயும் நாற்காலியைத்தான் தேட வேண்டும்.

குழந்தைகள் பிரிவுக்குப் பூங்காப் பக்கமாகத் தனி வாசல், செய்தித்தாள் அறைக்கும் தனி வாசல். காலையில் பத்திரிகை புரட்ட வருபவர் வாசிப்பறையைக் குலைக்க வேண்டியதில்லை. பள்ளி விட்டு ஓடி வரும் பிள்ளைகளை யாரும் அதட்ட வேண்டியதும் இல்லை. இவ்வளவு எளிய ஏற்பாடு இன்றும் பல நூலகங்களில் இல்லை.

இனி இந்தக் கட்டடத்துக்கு என்ன நேர்ந்தது என்பது. சோவியத் யூனியனுக்கும் பின்லாந்துக்கும் நடந்த குளிர்காலப் போர் முடிந்த 1940 மார்ச்சில் ஊர் சோவியத் வசம் போனது. 1941 ஆகஸ்டில் பின்லாந்து மீட்டது. 1944 ஜூனில் மறுபடி இழந்தது. சுற்றிலும் இவ்வளவு நடந்தும், போர் நூலகத்தைப் பெரிதாகச் சேதப்படுத்தவில்லை. சேதம் அமைதிக்காலத்தில் வந்தது. ஏறத்தாழ பத்தாண்டுகள் கட்டடம் ஆளில்லாமல், சூடில்லாமல், அடைக்காத திறப்புகளோடு நின்றது. விரிவுரைக் கூடத்தின் அலைக்கூரை அழிந்தது. மேற்கே இருந்த பலர் நூலகமே இடிந்து போனதாக நெடுங்காலம் நம்பினார்கள்.

ஏன் இந்த வகைக் கட்டடம் மட்டும் கைவிட்டதும் இவ்வளவு வேகமாகச் சீரழிகிறது? 57 கூம்புகளின் வட்ட ஓரங்களை ஒரே கோடாக நீட்டிப் பாருங்கள், 320 மீட்டரைத் தாண்டும். ஒரு மொட்டைமாடியில் 320 மீட்டர் மூட்டு! அதன் ஒவ்வொரு அங்குலமும் நீர் புகச் சாத்தியமான இடம். உலோகம், கண்ணாடி, கான்கிரீட் மூன்றும் குளிரில் வெவ்வேறு அளவில் சுருங்கும். மூட்டில் மயிரிழை இடைவெளி விழும், பனி உருகி அதற்குள் இறங்கும், இரவில் உறையும். நீர் உறையும்போது கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும், இடைவெளி பெரிதாகும். அறை சூடாக இருக்கும்வரை கூரைக்குள் ஓடும் வெந்நீர் இந்தச் சுழற்சியைத் தணிக்கும். சூட்டை நிறுத்திய முதல் குளிர்காலத்திலேயே கணக்கு தலைகீழாகிறது. படிக்கட்டின் பெரிய கண்ணாடிச் சுவரைத் தாங்கும் மெல்லிய எஃகுச் சட்டங்களுக்கு வேறு நோய். எஃகு குளிரை உள்ளே கடத்தும், அறையின் ஈரம் அதில் முத்து முத்தாகப் படியும், துருப் பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அந்த அழுத்தத்தில் கண்ணாடி விரியும்.

சோவியத் காலத்தில் கட்டடத்தை ஸ்டாலின் காலத்துப் பாணியில் மாற்றியமைக்க ஒரு திட்டம் இருந்தது. அது நடந்திருந்தால் இந்த மதிப்புரைக்கு வேலையே இல்லை. நல்லவேளையாக 1950களின் பிற்பகுதியில் அலெக்சாந்தர் ஷ்வெர் என்ற கட்டடக்கலைஞரின் பொறுப்பில் ஆல்டோவின் வடிவத்தை மதித்தே பணி நடந்தது. 1961இல் லெனினின் மனைவி நதேஷ்தா க்ரூப்ஸ்கயாவின் பெயரில் நூலகம் மீண்டும் திறந்தது. பொருளும் ஆவணமும் எளிதில் கிடைக்காத காலத்தில் செய்த அந்த வேலையைக் குறைத்துப் பேசுவது நியாயமல்ல. இந்தக் கட்டடம் இன்றும் நூலகமாகவே இருப்பதற்கு அதுதான் காரணம்.

முழுச் சீரமைப்பு 1990களில் தொடங்கியது. ஆல்டோவின் மனைவியும் கட்டடக்கலைஞருமான எலிஸ்ஸா ஆல்டோவின் முயற்சியில் பின்லாந்தில் ஒரு குழு அமைந்தது. 1994 முதல் 2013 வரை பின்லாந்து, ரஷ்ய நிபுணர்கள் சேர்ந்து கூரை, கூம்புகள், கண்ணாடிச் சுவர், அலைக்கூரை என்று பகுதி பகுதியாக மீட்டார்கள். உலக நினைவுச்சின்ன நிதியத்தின் அபாயப் பட்டியலில் 2000இலும் 2002இலும் இடம்பெற்ற கட்டடம் இது. 2010இல் ரஷ்ய அரசு பெருந்தொகை ஒதுக்கிய பிறகுதான் வேலை ஒரே மூச்சில் முடிந்தது. 2013 நவம்பரில் மறுதிறப்பு, 2014இல் அதே நிதியமும் நால் (Knoll) என்ற மரச்சாமான் நிறுவனமும் சேர்ந்து வழங்கும் நவீனத்துவக் கட்டடப் பரிசு, 2015இல் ஐரோப்பியப் பாரம்பரியப் பாதுகாப்புக்கான யூரோப்பா நோஸ்ட்ரா விருது.

இருபதாண்டு இழுத்ததைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. பணம் துண்டு துண்டாக வந்ததால் நேர்ந்தது அது. ஆனால் அந்தப் பகுதிப் பகுதியான முறைக்கு ஒரு நன்மையும் இருந்தது. ஒரு பகுதி வேலை நடக்கும்போது மற்றப் பகுதியில் வாசகர்கள் இருந்தார்கள். ஒரு முறை மூடி, பத்தாண்டு பூட்டிவைத்து, திறக்கும்போது வாசகரையே இழந்த நூலகங்களோடு ஒப்பிட்டால் இது மேல். கூரையில் தொடங்கும் சீரமைப்புதான் சரியான சீரமைப்பு என்பதையும் இங்கே பாடமாக எடுத்துக்கொள்ளலாம். மேலே ஒழுகிக்கொண்டிருக்கும்போது கீழே மரவேலை செய்வது காசைத் தண்ணீரில் போடுவது.

இன்றைய நிலையில் என் தீர்ப்பு: ஒளிக்கு முழு மதிப்பெண், ஒலிக்கு அதற்கு அடுத்து, வாசல்களின் ஏற்பாட்டுக்கும் கவுண்டரின் பார்வைக்கும் நல்ல மதிப்பெண். ஏறி இறங்கும் மட்டங்களுக்குத் தேர்ச்சி தர முடியாது. விரிவாக்கத்துக்கும் இடமில்லை, ஜன்னலற்ற கனத்த சுவரைத் துளைத்தால் கட்டடத்தின் தர்க்கமே போய்விடும். படிக்கும்போது அவ்வப்போது வெளியே மரத்தைப் பார்க்க ஆசைப்படுபவருக்கு வாசிப்பறை சற்று மூச்சுமுட்டலாம்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: நூலகம் சுவோரவ் சாலை 4ஆம் எண்ணில், பூங்காவுக்குள் இருக்கிறது. திறக்கும் நேரத்தையும் நுழைவு விதிகளையும் புறப்படும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் விரிவுரைக் கூடம் பூட்டியிருக்கலாம், கவுண்டரில் கேளுங்கள். வாசகர்கள் இருக்கும்போது கூம்புகளுக்கு அடியில் நின்று படமெடுக்க வேண்டாம், அங்கே காலடிச் சத்தம்கூடக் கேட்கும். ஓதக்கறை இருக்கிறதா என்று அறிய, கூம்புகளின் உள்விளிம்பை அண்ணாந்து பாருங்கள். மங்கலான பழுப்பு வளையம் தெரிந்தால் அந்த மூட்டு கசியத் தொடங்கியிருக்கிறது. கூடத்துக்குள் போக அனுமதி கிடைத்தால் இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் மேடையோரம் நிற்க, மற்றவர் கடைசி வரிசையிலிருந்து சாதாரணக் குரலில் ஒரு பக்கம் வாசிக்கட்டும். பிறகு இடம் மாறி, அதே பக்கத்தை மறுபடி வாசியுங்கள்.